தூக்கிப் பார்த்து வாங்கிய ஆம்ப்

ஃபெண்டர் ரம்பிள் 500 காம்போவை, அதாவது ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அடங்கிய பேஸ் கிட்டார் ஆம்ப்பை (ஒலிபெருக்கியை), வாங்கப் போன அன்று, வாசித்துப் பார்ப்பதற்கு முன் அதைத் தூக்கிப் பார்த்தேன். கடையில் இருந்தவர் ஒரு கையில் பேஸும் இன்னொரு கையில் கேபிளுமாக நிற்க, நான் ஆம்ப்பின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, கடைக்குள்ளேயே ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து கீழே வைத்தேன். 16.5 கிலோ. மூச்சு வாங்கவில்லை. "சரிங்க, இப்ப வாசிச்சுப் பாக்கலாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கு என் பழைய ஆம்ப்பைத் தெரியாது.

அந்தப் பழையதைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, உள்ளே செங்கல் மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர், சுற்றிலும் தடித்த பலகை. எடை 40 கிலோவைத் தாண்டும். நாங்கள் பயிற்சி செய்யும் அறை மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, உள்ளங்கையில் கைப்பிடி பதித்த சிவப்புக் கோட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, மறுபடி தூக்குவோம். மறுபக்கத்தைப் பிடித்து வந்தது எங்கள் டிரம்மர். தன் செட்டையெல்லாம் ஏற்றி முடித்த பிறகு, என் ஆம்ப்புக்காக இன்னொரு தடவை கீழே இறங்கி வருவான். மூன்று வருடம் அப்படி ஏற்றினான், ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. சத்தம் என்னவோ அருமைதான். ஆனால் மேலே போய்ச் சேர்ந்ததும் கால் மணி நேரத்துக்கு என் இடது கை நடுங்கும். நடுங்குகிற கைக்கு எந்த ஆம்ப் இருந்தென்ன?

அதற்கும் முந்தையது ஒரு சின்னப் பயிற்சி ஆம்ப், 30 வாட். நான் முதலில் கிட்டார்காரன். குழுவில் கிட்டார் இரண்டு, பேஸ் இல்லை, யாராவது ஒருவர் மாற வேண்டும் என்றானபோது இருவரில் சுமாராக வாசிப்பவன் மாறினான். பேஸ்காரர்களில் பாதிப்பேர் கதை இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதல் சில நாள் என் கிட்டார் ஆம்ப்பிலேயே பேஸைச் செருகி ஓட்டினேன். மெதுவாக வாசித்தவரை வம்பில்லை. டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க வால்யூமைத் திருப்பியதும் ஸ்பீக்கர் பர்ரென்று துணி கிழிகிற மாதிரி கத்தியது. கிட்டாரின் தடித்த ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு. பேஸின் ஈ அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே சத்தம் வர வேண்டுமானால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நிறையத் தூரம் போய்வர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கரை அதற்கென்று செய்வதில்லை. நல்லவேளை, கிழிவதற்குள் நிறுத்திவிட்டேன்.

30 வாட் பயிற்சி ஆம்ப் என் அறையில் தேன் மாதிரி ஒலித்தது. கீழ்ஸ்தாயிக்கான பேஸ் நாபை ஏற்றி, மேல்ஸ்தாயிக்கான ட்ரெபிளையும் ஏற்றி, நடுஸ்தாயிக்கான மிட்டை அடியோடு இறக்கி வைத்திருந்தேன். கீழே உறுமல், மேலே பளபளப்பு. தனியாக உட்கார்ந்து வாசிக்க அதைவிட இன்பமான சத்தம் கிடையாது. அதே அமைப்பில் பயிற்சி அறைக்குப் போனேன். இரண்டாவது பாட்டின் நடுவில் பாடகி திரும்பி, "நீ வாசிக்கிறியா, சும்மா நிக்கிறியா?" என்று கேட்டாள். விரல் தோல் உரிகிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். கீழே 60, 80 ஹெர்ட்ஸ் பக்கம் கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது. மேலே சிம்பலும் கிட்டாரும். இரண்டுக்கும் நடுவே பேஸுக்கென்று காலியாக இருந்த இடத்தை, அதாவது மிட்டை, நானே என் கையால் இறக்கி வைத்திருந்தேன். அன்று டிரம்மர்தான் சொன்னான், "அந்த நடு நாபைத் திருப்பிப் பாரேன்" என்று. திருப்பினேன். பேஸ் நாபைக் கொஞ்சம் குறைத்தேன். தனியாகக் கேட்டால் மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி இருந்தது, எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும், அந்த மூக்கடைப்புச் சத்தம் நடுவில் நேராக நடந்து வந்தது. ஒவ்வொரு நோட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லோருக்கும் கேட்டது.

அன்றிலிருந்து கடையில் தனியாக வாசித்துப் பார்ப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரு ஆம்ப் தனியாக எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்பதற்கும் குழுவுக்குள் அது கேட்கிறதா என்பதற்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. முடிந்தால் உங்கள் டிரம்மரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் ஒரு டிரம்ஸ் பதிவை ஃபோனில் சத்தமாக ஓடவிட்டு, அதோடு வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மிட்டைச் சரிசெய்த பிறகும் 30 வாட் போதவில்லை. இங்கே வாட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆம்ப் வாங்கும்போது ஆளை ஏமாற்றும் எண் அதுதான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே, காதுக்கு அது 'கொஞ்சம் ஏறியிருக்கு' என்கிற அளவு. இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 30 வாட்டில் திணறுகிறவர் 60 வாட் வாங்கினால் பெரிதாக ஒன்றும் மாறாது; 300 வாட் பக்கம் போனால்தான் வேறு உலகம். நம் காது கீழ்ஸ்தாயிச் சத்தத்தை மந்தமாகத்தான் கேட்கும் என்பதால், 30 வாட் ட்யூப் (கண்ணாடி வால்வு) கிட்டார் ஆம்ப் ஒன்று டிரம்ஸை எதிர்த்து நிற்கும் இடத்தில் பேஸுக்கு அதைப் போலப் பல மடங்கு தேவைப்படுகிறது. அந்த வாட்டை எப்போதும் செலவழிப்போம் என்றில்லை. நோட்டு தொடங்கும் அந்த நொடியில் ஒரு திடீர் எகிறல் இருக்கிறதே, அதற்குத் திணறாமல் இடம் கொடுக்கத்தான் பாதி வாட்.

வாட்டுக்கு இணையாக ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியையும் பார்க்க வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் வருகிறது என்ற கணக்கு அது. 97 டெசிபெல் கேபினெட்டுக்கும் (ஸ்பீக்கர் பெட்டிக்கும்) 100 டெசிபெல் கேபினெட்டுக்கும் உள்ள வித்தியாசம், ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். விளம்பர அட்டையில் இது பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

சரி, ரம்பிளுக்கு வருவோம். இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர், மேல்ஸ்தாயிக்கென்று ட்வீட்டர் என்ற குட்டி ஸ்பீக்கர் ஒன்று. ட்வீட்டரை அணைக்க சுவிட்ச் உண்டு, நான் அணைத்தே வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது கிளாஸ் டி ஆம்ப். மின்சாரத்தை வெப்பமாக வீணாக்காமல் மின்னல் வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றும் முறை. அதனால்தான் சூட்டை வெளியேற்றும் பெரிய ஹீட்சிங்க் இல்லாமல் 16.5 கிலோவில் அடங்குகிறது. எடை குறைப்பில் இன்னொரு வழி நியோடிமியம் காந்தம் வைத்த ஸ்பீக்கர்கள். மஞ்சள் கூம்புகளை மேடையில் பார்த்திருப்பீர்கள், அவற்றைச் செய்யும் மார்க்பேஸ் நிறுவனத்தார் அதில் கெட்டிக்காரர்கள்.

முன்பக்கத்தில் பேஸ், லோ மிட், ஹை மிட், ட்ரெபிள் என்று நான்கு நாப். மிட் இரண்டாகப் பிரிந்திருப்பதுதான் இந்த ஆம்ப்பில் எனக்கு முதலில் பிடித்த விஷயம். மிட் ஒன்றாகவே இருந்தால், அறைக்குள் கும்மென்று அடைக்கும் 200, 250 ஹெர்ட்ஸ் சமாச்சாரமும் விரல் உறுமும் 700, 800 ஹெர்ட்ஸ் சமாச்சாரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இங்கே லோ மிட்டைச் சற்றுக் குறைத்து ஹை மிட்டை ஏற்றலாம். என் வழக்கமான அமைப்பு அதுதான்: பேஸ் நடுவில், லோ மிட் கடிகார முள் பதினொன்றில், ஹை மிட் இரண்டில், ட்ரெபிளை மறந்துவிடுவேன்.

கூடவே மூன்று பொத்தான்கள்: பிரைட், கான்டூர், வின்டேஜ். கான்டூரை அழுத்தினால் மிட் இறங்கும். அழுத்திய உடனே எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது. அதே பயிற்சி ஆம்ப் சத்தம், அதே தேன், பாடகி அதே கேள்வியைக் கேட்கப்போகும் அதே அமைப்பு. வீட்டில் ஹெட்ஃபோனில் வாசிக்கும்போது அழுத்திக்கொள்கிறேன். குழுவோடு ஒருநாளும் இல்லை. வின்டேஜ் பொத்தான் ட்யூப் ஆம்ப் மாதிரி விளிம்பைச் சற்று மழுக்கித் தருகிறது, மெதுவான பாட்டுகளுக்கு அதை விட்டு வைப்பேன். சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பகுதியும் உண்டு. நாங்கள் வாசிக்கும் பாட்டுகளுக்கு அது தேவைப்படுவதில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

பெயரில் இருக்கும் 500-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியைத் தனியாக வைத்து வாசித்தால் உங்களுக்குக் கிடைப்பது 350 வாட். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்கள் சேர்ந்து 8 ஓம் (ஓம் என்பது மின்சாரத்துக்கு அவை காட்டும் தடையின் அளவு). இன்னொரு 8 ஓம் கேபினெட்டைப் பக்கத்தில் இணைத்தால் மொத்தம் 4 ஓம் ஆகி, அப்போதுதான் 500 வாட் வரும். பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கும் இந்த வழக்கம்தான், அட்டையில் பெரிதாகப் போடுவது குறைந்த ஓமுக்கான எண்ணை. ஆனால் 350-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை டெசிபெல்தான், அதை விடுங்கள். இரண்டாவது கேபினெட் வைத்ததும் சத்தம் தடாலென்று பெரிதாவதற்கு முக்கியக் காரணம் வாட் இல்லை. காற்றைத் தள்ளும் ஸ்பீக்கர் இரண்டிலிருந்து நான்காவதுதான்.

இங்கேதான் பலரும் தவறுவார்கள். உள்ளே இருக்கும் 8 ஓமோடு 4 ஓம் கேபினெட்டை இணைத்தால் மொத்தம் 2.67 ஓம். 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று ஆம்ப்பின் முதுகில் எழுதியிருந்தால் அது சும்மா எழுதியது இல்லை. ஒன்று ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வேறு யாராவது தீயணைக்க வேண்டியிருக்கும். ட்யூப் ஆம்ப்புக்குக் கதை தலைகீழ், ஸ்பீக்கரை இணைக்காமல் அதை ஓட்டினால் உள்ளேயிருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ட்யூப் என்றதும் எஸ்விடி பற்றிக் கேட்பீர்கள். பேஸ் வாசிப்பவன் எவனுக்கும் அந்த ஆசை இருக்கும். ஆம்பெக் எஸ்விடி, 1969-இல் வந்தது, 300 வாட் ட்யூப், அதன் ஆரம்ப மாதிரிகள் அந்த வருட ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்கப் பயணத்தில் மேடையேறின. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் வைத்த அதன் கேபினெட்டை எல்லோரும் ஃபிரிட்ஜ் என்பார்கள். பார்க்கவும் தூக்கவும் அப்படியே. கேபினெட் மட்டும் 60 கிலோவுக்கு மேல், ஹெட் எனப்படும், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி தனியாக 35 கிலோவுக்கு மேல். ஒரே ஒரு முறை, வேறொரு குழுவினர் மேடையில் விட்டுவைத்திருந்ததில் வாசிக்கும் பாக்கியம் கிடைத்தது. ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டியதும் கால்சட்டைத் துணி காலோடு ஒட்டி அதிர்ந்தது. இறங்கி வந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த எட்டு 10 கேபினெட்டே 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கிவிடுகிறது. 41 ஹெர்ட்ஸ் ஈயின் அடிநாதத்தை அது முழுதாகத் தருவதில்லை. 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக வரும் துணைநாதங்களைக் கேட்டு, அடியில் இருப்பதை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது. பேஸின் கனம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு இந்தத் துணைநாதங்களில் இருப்பதால்தான் பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டே ஒரு குழுவைத் தாங்குகிறது. ஐந்து ஸ்ட்ரிங் பேஸின் பி, 31 ஹெர்ட்ஸ், அது வேறு விஷயம். அதை முழுவதுமாக எதிர்பார்க்கிறவர்கள் இரண்டு 10 அங்குலத்தோடு நிற்காதீர்கள், யார் செய்த பெட்டியாக இருந்தாலும் சரி.

ஆம்ப்பை எங்கே வைக்கிறோம் என்பதும் ஆம்ப்பில் பாதி. நான் பல வருடம் எனக்குப் பின்னால் ஓர் அடி தள்ளித் தரையில் வைத்து வாசித்தேன். கெண்டைக்காலுக்கு மட்டும் நன்றாகக் கேட்கும். எனக்குக் கேட்கவில்லையே என்று நான் ஏற்ற, இருபது அடி தள்ளி நிற்பவர்களுக்குக் காது அடைத்தது. இப்போது ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி வைக்கிறேன். தரையின் உதவி போவதால் அடிச்சத்தம் சற்றுக் குறையும், ஆனால் நான் வாசிப்பது எனக்குக் கேட்கிறது, வால்யூமும் பாதியாகிவிட்டது. மூலையில் தள்ளி வைத்தால் சுவர்கள் சேர்ந்து கீழ்ஸ்தாயியை ஊதிப் பெருக்கும். உள்ளே பொள்ளலான மர மேடைகளில் மூலையை நெருங்கவே மாட்டேன்.

அப்புறம் கேபிள். இதில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். இரவல் வாங்கிய ஹெட்டும் கேபினெட்டும் வைத்து வாசித்த ஒரு நாள், ஸ்பீக்கர் கேபிளைக் காணவில்லை. முனை ஒன்றுபோல் இருக்கிறதே என்று கிட்டார் கேபிளைச் செருகினேன். மூன்றாவது பாட்டில் சத்தம் மெலிந்தது. பின்னால் கையை விட்டுத் தொட்டால் கேபிள் வெதுவெதுவென்று, உறை பிசுபிசுத்து வளைந்தது. இசைக்கருவிக் கேபிளின் உள்ளே இருப்பது தலைமுடி மாதிரி ஒரு கம்பியும் சுற்றிலும் ஒரு வலையும்தான். மில்லிவோல்ட் கணக்கில் வரும் சமிக்ஞையைச் சுமக்கத்தான் அது. நூற்றுக்கணக்கான வாட்டைச் சுமக்க அதற்குத் தெம்பு ஏது? ஸ்பீக்கருக்கு இரண்டு தடித்த கம்பி வேண்டும். செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கான் முனை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் என்னைப் போன்றவர்கள் மாற்றிச் செருகவே முடியாது.

பெரிய மேடைக்குப் போனால் இத்தனை வாட் பேச்சும் பின்னுக்குப் போய்விடும். சவுண்ட் இன்ஜினியர் ஆம்ப்பின் பின்னால் இருக்கும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை இணைப்பிலிருந்தோ, பேஸின் சமிக்ஞையை மிக்ஸருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் டிஐ பெட்டியிலிருந்தோ நேராக மிக்ஸருக்கு எடுத்துக்கொள்வார். ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸில் பெரும்பகுதி இப்படி நேராக மிக்ஸருக்குப் போனதுதான். ஒருமுறை நான் செருகியதும் மேடை முழுக்க ம்ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். மிக்ஸரும் ஆம்ப்பும் வெவ்வேறு இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்ததில் வந்த வினை. ஆம்ப்பின் பின்புறம் கிரவுண்ட் லிஃப்ட் என்று, மிக்ஸருக்குப் போகும் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் ஒரு பொடிப் பொத்தான், நகத்தால் தள்ளினேன், சட்டென்று அமைதி. அந்த ஒரு நொடிக்காகவே அந்தப் பொத்தான் இல்லாத ஆம்ப்பை இனி வாங்க மாட்டேன். பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு இரைச்சலை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், உயிர் போகிற வேலை அது.

பேஸுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே காலடியில் வைக்கும் பெடல்களில் நான் சிக்கனக்காரன். ட்யூனர் ஒன்று. ஆம்ப் சத்தத்தையே தரும் டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டிஐ ஒன்று. ஓர் அரங்கில் எங்களுக்குக் கொடுத்த ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஏற்கெனவே கிழிந்திருந்தது. ஆம்ப்பையே விட்டுவிட்டு இந்தப் பெட்டியிலிருந்து நேராக மிக்ஸருக்குப் போனோம், கேட்டவர் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாவதாகச் சமீபத்தில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் உபயோகமில்லாத அதிர்வையெல்லாம் வெட்டிவிடும். உள்ளங்கை ஸ்ட்ரிங்கில் படும்போதெல்லாம் ஸ்பீக்கர் கூம்பு வீணாக ஆடுவது நின்றது. இரண்டு 10 அங்குல ஆம்ப் வைத்திருப்பவர்கள் சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸருக்கு முன் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன். கூடவே பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி. பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸில் கேபிளைச் செருகியே விட்டால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு இது மேடையில், கடைசிப் பாட்டில் தெரிந்தது.

போன வாரம் ஒரு நிகழ்ச்சி முடிந்து சாமான் இறக்கினோம். தோளில் பேஸ், ஒரு கையில் ரம்பிள், இன்னொரு கையில் பெடல் பை. ஒரே நடையில் என் வேலை முடிந்து வண்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். டிரம்மர் கிக்கை இறக்கிவிட்டு மறுபடி படியேறப் போனவன் திரும்பிப் பார்த்தான். "ஸ்டாண்டுங்க வச்ச பை ஒண்ணு மேல இருக்கு, முப்பது கிலோ வரும்" என்றான். மூன்று வருடக் கணக்கு. மறுபேச்சில்லாமல் அவன் பின்னாலேயே ஏறினேன்.